மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி

"அக்கா, உட்காருங்க. முதல்ல தண்ணி குடிங்க. அப்புறம் இதைக் காதுல மாட்டுங்க" என்றான் ரேடியோ.

திங்கட்கிழமை காலை ஒன்பது பத்து. அவசர உதவி மையத்தின் மூன்றாவது மாடி. எட்டு நாற்காலிகள், எட்டுத் திரைகள், ஓயாமல் ஒலிக்கும் போன்கள். யார் எந்த ஆபத்தில் அழைத்தாலும் பதறாமல் பேசி, ஆம்புலன்ஸோ போலீஸோ தீயணைப்பு வண்டியோ அனுப்பிவைப்பது எங்கள் வேலை. ரேடியோவுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. வேலை நேரம் முழுக்கப் பேசிவிட்டு, இடைவேளையில் மிச்சத்தைப் பேசுகிறவன். அன்று பாட்டிலை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றான். 

"என்னடா, மூஞ்சி இப்படி இருக்கு? வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"கேளுங்கக்கா."

ஹெட்போனை மாட்டினேன். திரையில் பதிவின் விவரம் தெரிந்தது. ஞாயிறு, காலை 10.41. நீளம்: மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி.

"அவசர உதவி. சொல்லுங்க, எங்கேர்ந்து பேசறீங்க?" இது ரேடியோ.

பதில் சொன்னது ஒரு சிறுமி. அழவில்லை. பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். "தண்ணி டேங்குக்குப் பின்னாடி தெரு. நீலக் கேட். ரெண்டாவது மாடி, வலது பக்கக் கதவு. தீ இல்ல. ரத்தம் இல்ல. யார்கிட்டயும் கத்தி இல்ல. எனக்கு ஒன்பது வயசு, என் தங்கச்சிக்கு அஞ்சு. நான் பாத்ரூம்ல இருக்கேன். நான் பேசறது வெளியில கேட்காது."

எந்தக் குழந்தையும் இப்படிப் பேசாது. இடம், ஆபத்து, ஆள், அழைப்பவரின் பாதுகாப்பு. நாங்கள் கேட்கும் கேள்விகளுக்கு, நாங்கள் கேட்கும் வரிசையில், கேட்பதற்கு முன்பே பதில். அந்த வரிசையை மனப்பாடமாய் அறிந்த குழந்தை இந்த ஊரில் ஒருத்திதான் இருக்க முடியும். வாழைப்பழத்தைப் போனாகப் பிடித்துக்கொண்டு, சோபாவில் உட்கார்ந்து, விளையாட்டாக அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

பின்னணியில் ஒரு பெண் கத்தினாள். கதவைத் தாண்டி வந்த குரல் என்றாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது.

"கழுத்துல கட்டு! இறுக்கிக் கட்டு! வாசல்ல போய் நில்லு! வர்றவன் போறவன் எல்லாம் பார்க்கட்டும் உன் லட்சணத்தை!"

"கத்தறது யாரும்மா?" என்று கேட்டான் ரேடியோ.

"எங்க அம்மா."

ஏழு மாதமாக எங்கள் வீட்டில் இருக்கும் அந்தச் சிறுமி என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. "இந்தாங்க", "கேளுங்க", "அவங்க" என்றே ஓட்டிக்கொண்டிருந்தாள். முதல் தடவையாக அம்மா என்று சொல்லியிருக்கிறாள், என்னைப் பற்றிப் புகார் கொடுக்கும்போது.

ஹெட்போனைக் கழற்றினேன். எதிர்ச் சுவரில் அறிவிப்புப் பலகை. அதில் 'மாதத்தின் நிதானக் குரல்' என்ற சான்றிதழ். கீழே என் போட்டோ, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு.

"இன்னும் ஒண்ணரை நிமிஷம் இருக்குக்கா."

"வேண்டாம்டா. நான் அங்கதான் இருந்தேன்."

*

அங்கே நடந்தது இதுதான்.

பெரியவளும் குட்டியும் தத்துப்பிள்ளைகளாக எங்கள் வீட்டுக்கு வந்தது ஏழு மாதத்துக்கு முன்பு. அக்கா தங்கை. மூன்று வீடுகள் மாறி வந்தவர்கள். முதல் வீட்டில் என்ன நடந்தது என்பது நலத்துறைக் கோப்பில் இரண்டு பக்கம் இருந்தது. நான் ஒன்றரைப் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். பெரியவள் தூங்கும்போதும் செருப்பைக் கழற்ற மாட்டாள். குட்டி வாரத்தில் நாலு நாள் படுக்கையை நனைப்பாள்.

ஒரு வாரத்துக்கு முன்புவரை நான்தான் துவைத்தேன். "பரவாயில்லடா செல்லம், மெஷின் எதுக்கு இருக்கு?" என்பேன். அப்புறம் திடீரென்று ஈரப் படுக்கை நின்றுபோனது. "பாருங்க, குட்டி சரியாயிட்டா" என்று என் கணவரிடம் பெருமையடித்தேன். அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். "நீ தொட்டா எல்லாம் சரியாயிடுது, என் பொழப்புல மண்ணைப் போட்டுடாதே" என்று சிரித்தார்.

ஞாயிறு காலை ஒரு மருந்துக் கடையில் குளிர்பெட்டி நின்றுபோனதென்று அவர் டூல்ஸ் பையுடன் ஓடினார். வீட்டில் நாங்கள் மூவர்தான். பிள்ளைகளின் அறையில் சில நாளாகவே ஒரு நாற்றம். எலி செத்திருக்குமோ என்று அலமாரியைத் திறந்தேன். கோடைத் துணிகளுக்குப் பின்னால், பிளாஸ்டிக் பைகளில் சுருட்டித் திணித்து, நாலு படுக்கை விரிப்புகள். ஒன்றில் பூஞ்சை பூத்திருந்தது.

பெரியவள் கதவோரம் சிலையாக நின்றாள். தங்கை நனைத்ததையெல்லாம் விடியலில் உருவி ஒளித்தது அவள்தான். விரிப்புகள் குறைகின்றன என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

நாற்றம் மூக்கில் ஏறியது. அதற்குப் பிறகு நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால், எதுவும் நினைக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது. உள்ளே ஏற்கெனவே தயாராக இருந்த வாக்கியங்கள் வரிசையாக வந்தன. குரல்கூட என்னுடையதில்லை, கொஞ்சம் மூக்கால் பேசும், சொல்லின் கடைசி எழுத்தை இழுக்கும் குரல். ஒரு விரிப்பை எடுத்துக் குட்டியின் மேல் எறிந்தேன்.

குட்டி அழவில்லை. எதிர்த்துப் பேசவும் இல்லை. விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்துக் கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். முடிச்சு சரியாக விழவில்லை, அவிழ்த்து மறுபடி போட்டாள். விரிப்பை இழுத்துக்கொண்டு நடந்து போய், வெளிக்கதவைத் திறந்து, மாடிப்படியைப் பார்த்தபடி நின்றுகொண்டாள்.

பெரியவள் எப்போது பாத்ரூமுக்குள் போனாள், போனை எப்போது எடுத்தாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது.

மேல்மாடி டீச்சர் காய்கறிப் பையோடு ஏறி வந்தார். குழந்தைகளைக் கண்டால் நின்று வம்பிழுக்கும் மனுஷி.

"அடடே! யாரு இது, மகாராணியா? முந்தானை இவ்ளோ நீளமா இருக்கே!"

"இல்ல ஆன்ட்டி. நான் மூத்திரம் போயிட்டேன்" என்றாள் குட்டி.

டீச்சரின் சிரிப்பு பாதியில் நின்றது. குழந்தையைப் பார்த்தார். திறந்த கதவு வழியாக என்னைப் பார்த்தார். படியேறிப் போனார். அவர் வீட்டுக் கதவு மெதுவாகச் சாத்தப்படும் சத்தம் கேட்கும்வரை என்னால் அசைய முடியவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து அழுதேன். குட்டியை உள்ளே இழுத்து, முடிச்சை அவிழ்த்து, குளிப்பாட்டி, கிரீம் பிஸ்கட் முழு பாக்கெட்டையும் கையில் கொடுத்தேன். போனில் ரேடியோவிடமிருந்து மூன்று மிஸ்டு கால்கள். சனிக்கிழமை ஷிப்ட் அரட்டை என்று நினைத்துத் திருப்பி அழைக்கவில்லை.

இது வரைக்கும் சொல்வதே கூசுகிறது. ஆனால் அசிங்கம் இன்னும் முடியவில்லை. கணவரின் வண்டிச் சத்தம் கீழே கேட்டதும் இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் இழுத்து, அன்பாக, மிக அன்பாக, நான் சொன்னது இது:

"அப்பாகிட்ட சொல்ல வேண்டாம், சரியா? இது நம்ம மூணு பேருக்குள்ள."

குட்டி பிஸ்கட் வாயோடு தலையாட்டினாள். பெரியவள் என் முகத்தையே பார்த்தாள். இந்தப் பேச்சை அவள் முன்பே வேறு யாரிடமோ கேட்டிருக்கிறாள் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

நானும் கேட்டிருக்கிறேன். என் அம்மா நர்ஸ். ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது என்று தெருவே கொண்டாடும். நான் பதினோரு வயதுவரை படுக்கையை நனைத்தேன். ஈரத் துணியைக் கழுத்தில் கட்டி, பள்ளிக்கூட வேன் வரும் நேரம் பார்த்துக் கேட்டருகே நிறுத்துவாள். வேன் டிரைவர் தினமும் எனக்காகத் தனியாக ஒரு ஹாரன் அடிப்பான். சாயங்காலம் அம்மா தலையை வருடிக்கொண்டே, "வெளியில யார்கிட்டயும் சொல்லக் கூடாது, என்ன?" என்பாள். சொல்லவில்லை. கல்யாணமாகிப் பத்து வருடம், கணவரிடம்கூட என் அம்மா ஒரு தெய்வம் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். தத்தெடுக்கும் விண்ணப்பத்தில், 'சிறு வயதில் உங்களை எவ்வாறு கண்டித்தார்கள்?' என்று ஒரு கேள்வி. 'அன்பாக எடுத்துச் சொல்வார்கள்' என்று எழுதினேன். கையெழுத்துகூட அழகாக இருந்தது.

*

"அக்கா, நேரம் ஓடுது" என்றான் ரேடியோ.

எங்கள் மையத்தில் ஒரு நடைமுறை உண்டு. வந்த அழைப்பு எதுவானாலும் மறுநாள் மதியம் பன்னிரண்டுக்குள் அதற்கு ஒரு வகை குறித்து மூட வேண்டும். 'விபத்து', 'தீ', 'தவறான எண்', 'விளையாட்டு அழைப்பு' என்று பட்டியல் இருக்கிறது. அதில் 'குழந்தை நலம்' என்று குறித்தால், அடுத்த நிமிடமே பதிவு நலத்துறைக்குத் தானாகப் போய்விடும். விளையாட்டு அழைப்பை யாரும் திரும்பக் கேட்பதில்லை.

ரேடியோ இன்னும் எதையும் குறிக்கவில்லை.

"அவ பேச ஆரம்பிச்ச பத்தாவது விநாடி புரிஞ்சுபோச்சுக்கா. நீங்க பழத்தை வெச்சு சொல்லிக்கொடுத்த கதையை எங்ககிட்ட எத்தனை வாட்டி சொல்லியிருக்கீங்க! நியாயமா ஆள் அனுப்பியிருக்கணும். கை வரல. கடைசியில அவளே, 'இப்ப கத்தல, அழறாங்க, நான் வெச்சிடறேன்'னு சொல்லிட்டா." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "வியாழக்கிழமை கோர்ட்டு. தத்து உத்தரவு கையில வரப்போகுது. இதை விளையாட்டுன்னு போட்டு மூடிடறேன். நமக்குள்ள இருக்கட்டும்."

நேற்று நான் பிள்ளைகளிடம் சொன்னதை இன்று இவன் என்னிடம் சொல்கிறான். அதுவும் அன்பாகவே சொல்கிறான்.

தலையாட்டிவிடத்தான் நினைத்தேன். பொய் சொல்லவில்லை. வாயில் "சரிடா" வந்தேவிட்டது. வியாழக்கிழமைக்குக் குட்டி மஞ்சள் கவுன் எடுத்து வைத்திருந்தாள். பிள்ளைகள் போய்விட்டால் அந்த அறையை என்ன செய்வேன்?

"அவ வேற ஏதாவது கேட்டாளா?" என்றேன்.

ரேடியோ தயங்கினான். "கடைசியா ஒண்ணு கேட்டா. 'நான் போன் பண்ணதை எழுதி வெப்பீங்களா?'ன்னு."

"நீ என்ன சொன்னே?"

"எழுதிட்டேன்மான்னு சொன்னேன்."

நேரம் ஒன்பது இருபத்தைந்து. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு நம்பரை நம்பி அழைத்திருக்கிறாள். எழுதப்பட்டது என்ற நம்பிக்கையில் போனை வைத்திருக்கிறாள். பதினோரு வயதில் எனக்கு அப்படி ஒரு நம்பர் தெரிந்திருந்தால், எடுத்தவன் அதை விளையாட்டு என்று குறித்திருந்தால்?

"குழந்தை நலம்னு போடு" என்றேன்.

"அக்கா, பிள்ளைங்க போயிடும்."

"போடுடா. ஆள் அனுப்பாததுக்கு உனக்கு மெமோ வரும்."

"வந்தா ஃபிரேம் போட்டு உங்க சான்றிதழ் பக்கத்துல மாட்டிக்கறேன்" என்றான். சிரிக்கத்தான் முயன்றான், உதடு ஒத்துழைக்கவில்லை. அவன் பொத்தானை அழுத்தும்வரை பக்கத்திலேயே நின்றேன். நகர்ந்தால் மனசு மாறிவிடும் என்று பயம்.

மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டு போன் செய்தேன். முதல் போன், எங்கள் வழக்கைப் பார்க்கும் நலத்துறை அதிகாரிக்கு. எப்போதும் கோப்பும் கையுமாக வருவதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஃபைல் ஆன்ட்டி. பதிவை அவர் கேட்பதற்குள் என் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று அவசரம். எல்லாவற்றையும் சொன்னேன்; விண்ணப்பத்தில் எழுதிய பொய்யையும் சேர்த்து. அவர் ஆறுதலும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை.

"டீச்சர் பார்த்தாங்கன்னு சொன்னீங்களே, அவங்க எத்தனாவது மாடி?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு வர்றேன். நாலு பேரும் வீட்டுல இருங்க."

இரண்டாவது போன் கணவருக்கு. முழுக்கக் கேட்டார். பின்னால் ஏதோ கம்ப்ரசர் உறுமிக்கொண்டிருந்தது.

"நேத்து மத்தியானம் என் எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டியே. அப்போ சொல்ல முடியலையா?"

"முடியல."

"பத்து வருஷம் என்கிட்ட உங்க அம்மாவை அப்படிப் புகழ்ந்தியே?"

 கம்ப்ரசர் நின்றது.

"வர்றேன்" என்றார். ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

*

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஃபைல் ஆன்ட்டியின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பியது. ஜன்னலில் நின்றிருந்த பெரியவள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவர் மாடி ஏறி வருவதற்குள் ஒரு பையோடு திரும்பி வந்தாள். மூன்று வீடு மாறியவளுக்கு மூட்டை கட்ட இரண்டு நிமிடம் போதும். பையை வெளிக்கதவருகே வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

ஃபைல் ஆன்ட்டி உட்காருவதற்கு முன்பே பெரியவள் பேசிவிட்டாள்.

"நான்தான் போன் பண்ணேன். குட்டிக்கு ஒண்ணும் தெரியாது. என்னை மட்டும் கூட்டிட்டுப் போங்க. அவ இருக்கட்டும். அவளுக்கு இங்க புடிச்சிருக்கு."

 குட்டி என் கணவரின் மடியில் உட்கார்ந்து டூல்ஸ் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

பெரியவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். வேலையில் நெருப்புக்கு நடுவே நிற்கிறவனிடமும் பிசிறில்லாமல் பேசுகிற குரல் அன்று எங்கேயோ போய்விட்டது.

"நீ செஞ்சது சரி. தப்பு பண்ணது நான். அதைவிடப் பெரிய தப்பு, அப்பாகிட்ட சொல்லாதேன்னு சொன்னது. அப்படி யார் சொன்னாலும் கேட்காதே. நான் சொன்னாலும்."

"நீங்க ஏன் அப்படிக் கத்துனீங்க?"

ஃபைல் ஆன்ட்டி பேனாவைக் கீழே வைத்தார். என் கணவர் குட்டியின் கையை ஜிப்பிலிருந்து மெதுவாக எடுத்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"சின்ன வயசுல நானும் நனைப்பேன். எங்க அம்மா என்னை அப்படி நிக்க வெச்சாங்க. ரொம்ப நாள். எனக்கு அவ்வளவு அசிங்கமா இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல. இப்பதான் சொல்றேன். ஆனா அதுக்காக நான் குட்டிகிட்ட நடந்துக்கிட்டது சரின்னு ஆகாது."

குட்டி நிமிர்ந்தாள். "நீங்களும் மூத்திரம் போவீங்களாம்மா?"

"ம்."

"தினமுமா?"

"கிட்டத்தட்ட."

"நான் வாரத்துக்கு நாலுதான்" என்றாள். அவள் குரலில் லேசான பெருமை இருந்தது. என் கணவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா, அழுதாரா என்று எனக்குத் தெரியாது.

ஃபைல் ஆன்ட்டி இரண்டு பிள்ளைகளிடமும் தனித்தனியாக அரை மணி நேரம் பேசினார். மேல்மாடிக்கும் போய்வந்தார். பிறகு முடிவைச் சொன்னார். வியாழக்கிழமை உத்தரவு கிடையாது. ஆறு மாதம் தள்ளிவைக்கப் பரிந்துரைப்பார். வாரம் ஒரு முறை முன்னறிவிப்பில்லாமல் யாராவது வருவார்கள். நான் மனநல ஆலோசகரிடம் போக வேண்டும். அடுத்த உத்தரவுவரை பிள்ளைகளோடு நான் தனியாக இருக்கக் கூடாது. வீட்டில் எந்நேரமும் என் கணவரோ வேறு பெரியவர்களோ உடனிருக்க வேண்டும்.

"அதுவரைக்கும் பிள்ளைங்க இங்கதான் இருப்பாங்களா?" என்று கேட்டேன்.

"இப்போதைக்கு. நீங்க போன்ல சொன்னதும் இந்தப் பதிவும் ஒத்துப்போச்சு. அதனாலதான்." கோப்பை மூடினார். "ஒத்துப்போகலைன்னா இப்பவே கூட்டிட்டுப் போயிருப்பேன்."

தான் வேலைக்குப் போகும் நேரத்தில் துணைக்கு யாரைக் கேட்பது என்று கணவர் யோசிக்க ஆரம்பித்தார். மேல்மாடி டீச்சரே வருவதாக ஃபைல் ஆன்ட்டியிடம் சொல்லியிருந்தார். மறுநாள் காலை, என் சொந்த வீட்டில், என் பிள்ளைகளுக்கு நான் தலை வாரும்போது, எதிர் நாற்காலியில் அவர் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் ஒரு கண் என் கைமேல் விழும். அது எனக்கு வேண்டியதுதான்.

ஃபைல் ஆன்ட்டி போன பிறகும் பெரியவள் கதவருகேயே நின்றாள்.

"இன்னொரு தடவை கத்தினா, மறுபடி போன் பண்ணலாமா?"

"பண்ணு."

"நீங்களே எடுத்துட்டா?"

ஏழு மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட எதுவும் இவ்வளவு நியாயமாக இருந்ததில்லை. "எடுத்தா, பேசாம பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட குடுத்துடுவேன்" என்றேன்.

 அவள் போய்த் தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள். பையைத் தொடவில்லை.

பெரியவள் தன் கையாலேயே உள்ளே எடுத்துப்போகும்வரை, அந்தப் பை பத்தொன்பது நாள் கதவருகேயே இருந்தது. தினமும் காலையில் தரை துடைக்கும்போது அதைத் தூக்கி, அடியில் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு அதே இடத்தில் வைத்தேன்.